காலிக் கேனை முதலில் நிறுங்கள்: கர்னலில் ஒரு லாக்கை மாற்றும் முன்

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பொறியியல் முடித்துவிட்டு லினக்ஸ் கர்னலில் கைவைக்க ஆசைப்படும் பிள்ளைகள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவன் போன மாதம் ஒரு பேட்சோடு, அதாவது கர்னல் நிரலுக்கான ஒரு திருத்தத்தோடு, வந்தான். ஒரு டிரைவரில் இரண்டு த்ரெட்கள் (ஒரே சமயத்தில் ஓடும் வேலை இழைகள்) ஒரே பட்டியலை ஒரே நேரத்தில் தொட்டுக் குழப்பிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு ஸ்பின்லாக், அதாவது கிடைக்கும் வரை சுழன்றுகொண்டே காத்திருக்க வைக்கும் பூட்டு, போட்டிருந்தான். திருத்தம் சரிதான். ஆனால் பேட்சைப் பார்த்தவர்கள் கேட்ட ஒரே கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. இதனால் வேகம் எவ்வளவு குறையும்?

“ஒரு லாக்குதானுங்ணா, என்ன பெருசா ஆயிடப்போகுது?” என்றான்.

அடுத்த வாரம் அவனே வேறு யோசனையோடு வந்தான். லாக்கை எடுத்துவிட்டு ஆர்சியு போட்டுவிடலாமாம், படிப்பவர்கள் லாக் எடுக்காமலே படிக்கவிடும் முறை அது. “அது சும்மாங்ணா, செலவே கிடையாது.”

முதல் வாரம் செலவு பெரிதில்லை என்றான், இரண்டாம் வாரம் செலவே இல்லை என்றான். இரண்டு தடவையும் எதையும் அளக்கவில்லை. இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். சி மொழி தெரிந்து, கர்னலை ஒருமுறையாவது கம்பைல் செய்து பூட் பண்ணிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது

ஊர்ப் பால் சொசைட்டிக்கு விடியற்காலையில் போய் நின்றால் லாக் என்பது என்ன என்று புத்தகம் இல்லாமலே விளங்கும். லேக்டோமீட்டர் ஒன்று, எழுதும் நோட்டு ஒன்று. ஒருவர் பாலைச் சோதித்து எழுத அரை நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். கூட்டம் கலைந்த பிறகு தூக்கோடு தனியாகப் போகிறவருக்கு அந்த அரை நிமிடம்தான் செலவு. ஆறரை மணிக்கு, முன்னால் நாற்பது பேர் நிற்கும்போது போனால், அதே அரை நிமிட வேலைக்கு இருபது நிமிடம் நிற்க வேண்டும். சோதனையில் எந்த மாற்றமும் இல்லை. எட்டரை மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு “இங்கே வரிசையே இல்லை” என்று அறிக்கை எழுதுகிறவர்தான், ஒரே ஒரு த்ரெட்டை ஓட்டிப் பார்த்துவிட்டு “என் லாக்கில் செலவு இல்லை” என்கிறவர்.

கர்னலில் இந்தச் செலவு நான்கு இடங்களில் விழும். ஒன்று, யாரும் போட்டிக்கு வராதபோதும் லாக்கை எடுத்து விடுவதற்கு ஆகும் செலவு. இன்றைய எக்ஸ்86 சிபியுவில் ஓர் அணுச்செயல் கட்டளைக்கு (நடுவில் யாரும் குறுக்கிட முடியாத கட்டளை) சுமார் இருபது சைக்கிள் ஆகும். எடுத்து விட மொத்தம் பத்து இருபது நானோசெகண்ட் என்று வைத்துக்கொண்டால் கணக்குப் போடப் போதும்.

இரண்டாவதைத்தான் புதியவர்கள் கவனிப்பதே இல்லை. லாக் என்பது நினைவகத்தில் இருக்கும் ஒரு சின்ன எண். லினக்ஸில் சாதாரண ஸ்பின்லாக்குக்கு நான்கு பைட்தான். அதை மாற்றி எழுத வேண்டுமானால் அது உட்கார்ந்திருக்கும் 64 பைட் கேஷ் லைன் (சிபியு நினைவகத்திலிருந்து ஒரேயடியாக எடுக்கும் துண்டு) முழுவதையும் அந்த கோர் தன்னிடம் வரவழைத்து, மற்ற கோர்களிடம் இருக்கும் நகல்களைச் செல்லாததாக்க வேண்டும். ஒரே சிப்புக்குள் இதற்குப் பல பத்து நானோசெகண்ட் ஆகும். இரண்டு சாக்கெட், அதாவது இரண்டு தனிச் சிபியு சிப், இருக்கும் சர்வரில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனால் நூறைத் தாண்டும். யாரும் காத்து நிற்காமலேயே, லாக் கோர் விட்டு கோர் தாவுவதால் மட்டும் வரும் செலவு இது. நோட்டு ஒரே மேசையில் இருந்தால் பரவாயில்லை, ஒவ்வொரு பேருக்கும் ஒவ்வொரு மேசைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்றால்?

மூன்றாவது, வரிசையில் நிற்கும் நேரம். நான்காவது, லாக் கையில் இருக்கும்போது தடைபடும் மற்ற வேலைகள். சாதாரண கர்னலில் ஸ்பின்லாக் எடுத்ததும் அந்த கோரில் வேறு த்ரெட் குறுக்கே வர முடியாது. இன்டரப்டையும் நிறுத்தும் வகையை எடுத்தால் சாதனங்களும் காத்திருக்கும். இந்த நான்காவது செலவு உங்கள் பெஞ்ச்மார்க்கில் தெரியாது. உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவருக்கு ஆடியோ விட்டுவிட்டுக் கேட்கும், அவ்வளவுதான்.

முதலில் காகிதத்தில்

இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் ஐந்து நிமிடம் கணக்குப் போடுங்கள். இரண்டே கேள்விகள். இந்தப் பாதை வினாடிக்கு எத்தனை தடவை ஓடுகிறது? லாக்குக்குள் எவ்வளவு நேரம் இருக்கிறோம்?

வினாடிக்கு 10,000 தடவை ஓடும் பாதையில் தடவைக்கு 20 நானோசெகண்ட் கூடினால், வினாடிக்கு 200 மைக்ரோசெகண்ட். ஒரு கோரின் நேரத்தில் 0.02 சதவீதம். இதை எந்தக் கருவியாலும் உருப்படியாக அளக்க முடியாது, அளக்கத் தேவையும் இல்லை. அதே பாதை வினாடிக்குப் பத்து லட்சம் தடவை ஓடினால் 20 மில்லிசெகண்ட், அதாவது 2 சதவீதம். நெட்வொர்க் பேக்கெட், பேஜ் ஃபால்ட், ஷெட்யூலர் போன்ற சூடான பாதைகளில் இரண்டு சதவீதத்துக்காகச் சண்டையே நடக்கும்.

போட்டிக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. லாக்குக்குள் 1 மைக்ரோசெகண்ட், வெளியே மற்ற வேலைக்கு 9 மைக்ரோசெகண்ட் என்று வைப்போம். லாக் ஒன்றுதான் என்பதால், கோர் எத்தனை இருந்தாலும் வினாடிக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் உள்ளே போய் வர முடியாது. ஒரு கோர் 10 மைக்ரோசெகண்டுக்கு ஒருமுறை கேட்கிறது. ஆக, பத்து கோர் வரை தாங்கும். பதினொன்றாவது கோர் வரிசையை நீட்டுமே தவிர வேலையைக் கூட்டாது. நிஜத்தில் பத்துக்கு வெகு முன்பே தள்ளாட ஆரம்பிக்கும், ஏனென்றால் எல்லோரும் ஒழுங்காக ஆளுக்கொரு நேரத்தில் வருவதில்லை. கேஷ் லைன் தாவும் நேரமும் அந்த 1 மைக்ரோசெகண்டோடு சேர்ந்துகொள்ளும். உங்கள் லேப்டாப்பில் நான்கு கோர்தான் என்றால் இந்தக் கோளாறு அதில் தெரியவே தெரியாது.

நம் தம்பியின் பட்டியலுக்கு இந்தக் கணக்கைப் போட்டோம். சாதனத்தைத் திறக்கும்போதும் மூடும்போதும் மட்டுமே அந்தப் பாதை ஓடுகிறது. விஷயம் அங்கேயே பாதி முடிந்துவிட்டது.

இரண்டு கர்னல், இரண்டு வேலை

லாக்டெப் போன்ற சோதனை வசதிகளை இயக்கி ஒரு கர்னல் கட்டுங்கள். லாக்குகளை எடுக்கும் வரிசை எங்காவது முரண்பட்டு டெட்லாக் (ஒருவருக்காக ஒருவர் காத்து எல்லாம் நின்றுபோவது) வர வாய்ப்பிருந்தால் அது சொல்லிவிடும். லாக் இல்லாமல் ஒரே தரவை இரண்டு பேர் தொடுவதைப் பிடிக்க கேசிசான் இருக்கிறது, 2020இல் 5.8 கர்னலோடு வந்தது. இந்தக் கர்னலில் திருத்தம் சரியா என்று மட்டும் பாருங்கள். வேகம் பார்க்காதீர்கள்.

வேகம் பார்க்க, இவை எல்லாவற்றையும் அணைத்த இன்னொரு கர்னல். பழையது ஒன்று, உங்கள் மாற்றத்தோடு ஒன்று. அதே கான்ஃபிக், அதே கம்பைலர். சோதனை வசதிகளை அணைக்க மறந்துவிட்டு “லாக் ரொம்பச் செலவு” என்று வந்து நிற்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அளந்தது லாக்டெப்பின் செலவை.

காலிக் கேன்

பாலை நிறுப்பதற்கு முன் காலிக் கேனை நிறுத்துக் கழிப்போம் இல்லையா, அதேதான் இங்கேயும். பழைய கர்னலை பழைய கர்னலோடேயே ஒப்பிடுங்கள். அதே கர்னலை பூட் செய்து, பெஞ்ச்மார்க்கை ஓட்டி, ரீபூட் செய்து, மறுபடி ஓட்டுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் பூஜ்யமாக வர வேண்டும். வராது. மூன்று சதவீதம் ஆடுகிறது என்றால், உங்கள் சோதனை மேடையில் மூன்று சதவீதத்துக்குக் கீழே எதைச் சொன்னாலும் அது ஜோசியம்.

இதை நான் கற்றது ஓர் ஏப்ரல் மாதத்தில். பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்த மத்தியானம். முதலில் பழைய கர்னலைப் பத்து தடவை, பிறகு புதியதைப் பத்து தடவை என்று ஓட்டினேன். புதியது ஆறேழு சதவீதம் மெதுவாக இருந்தது. என் மாற்றத்தைக் குடைந்து குடைந்து இரண்டு நாள் போனது. மூன்றாவது நாள் தற்செயலாகப் புதியதை முதலில் ஓட்டினேன். இப்போது பழையது மெதுவாகிவிட்டது! லாக் செய்த வேலை இல்லை. லேப்டாப் சூடேறி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. இரண்டாவதாக ஓடியது எதுவோ அது தோற்றது. ஒருநாள் கரண்ட் போய் பேட்டரிக்கு மாறியபோது எண்கள் வேறு மாதிரி வந்ததும் அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

ஆகவே, சிபியு வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னரை பெர்ஃபார்மன்ஸ் நிலைக்கு மாற்றி, தற்காலிகமாக வேகத்தைக் கூட்டும் டர்போ பூஸ்டை அணைத்துவிடுங்கள். வேகம் குறையும், ஆனால் ஆடாது. த்ரெட்களை டாஸ்க்செட் கட்டளையால் குறிப்பிட்ட கோர்களில் கட்டிப்போடுங்கள். இரண்டு சாக்கெட் உள்ள இயந்திரத்தில் நினைவகம் எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது என்பதையும் நியூமாசிடிஎல் கொண்டு கட்டலாம். பழையது பத்து, புதியது பத்து என்று ஓட்டாமல் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். சராசரியை மட்டும் பார்க்காமல் நடு மதிப்பையும், மேலும் கீழும் எவ்வளவு விரிகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். விர்ச்சுவல் மெஷினில் லாக் அளப்பதைத் தவிர்ப்பது நல்லது. லாக்கைப் பிடித்திருக்கும் மெய்நிகர் சிபியுவையே அடியிலிருக்கும் இயந்திரம் தூங்க வைத்துவிட்டால், மற்றவர்கள் காத்திருப்பது உங்கள் குற்றமாகத் தெரியும்.

இத்தனையும் செய்த பிறகும் ஒரு பொல்லாத விஷயம் மிச்சம் இருக்கிறது. நீங்கள் சேர்த்த நாலு வரியால், அதற்குப் பின்னால் வரும் ஃபங்ஷன்களின் முகவரி நகர்ந்து, சம்பந்தமில்லாத இடத்தில் ஒன்றிரண்டு சதவீதம் கூடவோ குறையவோ செய்யலாம். ஒரு ஸ்ட்ரக்சரில் புதிதாக ஒரு லாக்கைச் சேர்த்தால் மற்ற உறுப்புகள் வேறு கேஷ் லைனுக்குப் போய்விடும். காரணம் சொல்ல முடியாத சின்ன வித்தியாசம் வந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

எந்தச் சுமையை ஓட்டுவது

மூன்று சுமை வேண்டும். போட்டியே இல்லாதது: ஒரே த்ரெட், அந்தப் பாதையைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது. முதல் வகைச் செலவு இதில் தனியாகத் தெரியும். அடுத்து, வேண்டுமென்றே நெரிசல் உண்டாக்குவது: இதற்கு வில் இட் ஸ்கேல் என்ற தொகுப்பு நல்லது. ஒரே சிஸ்டம் கால் கோரிக்கையை (நிரல் கர்னலிடம் கேட்கும் வேலை) ஒரு த்ரெட், இரண்டு, நான்கு என்று ஏற்றிக்கொண்டே போய் மொத்த வேலை எங்கே நின்றுபோகிறது என்று காட்டும். ஒரே எண்ணைப் பார்க்காதீர்கள், கோட்டை வரையுங்கள். நான்கு கோரில் இரண்டு சதவீதம் நஷ்டம் என்ற மாற்றம், முப்பத்திரண்டு கோரில் இரண்டு மடங்கு லாபமாக இருக்கக்கூடும், நேர்மாறாகவும் இருக்கக்கூடும். ஷெட்யூலரும் செய்திப் பரிமாற்றமும் சம்பந்தப்பட்டால் ஹேக்பெஞ்ச் ஓட்டலாம்.

மூன்றாவது நிஜ வேலை. கர்னலையே கம்பைல் செய்வது, ஒரு டேட்டாபேஸ், ஒரு வெப் சர்வர், அந்தப் பாதையை உண்மையிலேயே மிதிக்கும் ஏதாவது ஒன்று. நெரிசல் சோதனையில் நாற்பது சதவீதம் நஷ்டம் என்று தெரிந்து, நிஜ வேலையில் ஒன்றுமே தெரியாவிட்டால் இரண்டையும் அப்படியே எழுத வேண்டும். எது முக்கியம் என்பதை பேட்சைப் பார்க்கிறவர் முடிவு செய்யட்டும்.

எங்கே பார்ப்பது

லினக்ஸின் அளவைக் கருவி பெர்ஃப். அதன் பெர்ஃப் ஸ்டாட் கட்டளையில் எத்தனை தடவை ஓட்ட வேண்டும் என்று சொன்னால் சராசரியையும் விரிவையும் சேர்த்துத் தரும். தொடக்கத்துக்கு அது போதும். எந்த லாக்கில் காத்திருக்கிறார்கள் என்று அறிய பெர்ஃப் லாக் கண்டென்ஷன் இருக்கிறது. இதற்கு வேண்டிய டிரேஸ்பாயிண்ட்கள் (கர்னலுக்குள் நிகழ்வைப் பதியும் இடங்கள்) 2022இல் 5.19 கர்னலில் சேர்ந்தன. சோதனைக் கர்னல் கட்டாமலே ஓடும் என்பதால் நான் முதலில் எடுப்பது இதைத்தான்.

அதற்கு மேல் விவரம் வேண்டுமென்றால் லாக் ஸ்டாட். கான்ஃபிக்கில் இயக்கி, பிராக் கோப்பமைப்பில் படிக்கலாம். ஒவ்வொரு லாக்குக்கும் ஒரு வரி. புதியவர்கள் எடுத்த எடுப்பில் காத்திருப்பு நேரத்தின் மொத்தத்தைப் பார்ப்பார்கள். நான் எத்தனை தடவை எடுத்தார்கள், அதில் எத்தனை தடவை போட்டி வந்தது என்ற இரண்டையும் முதலில் பார்ப்பேன். ஆயிரம் தடவை எடுத்ததில் மூன்று தடவை போட்டி என்றால் அந்த லாக்கை விட்டுவிடலாம். அடுத்து, பிடித்திருந்த நேரத்தின் சராசரியும் உச்சமும். சராசரி 1 மைக்ரோசெகண்ட், உச்சம் 800 என்றால், லாக்குக்குள் யாரோ எப்போதாவது ஒரு நீண்ட வேலை செய்கிறார்கள். மருந்து லாக்கை மாற்றுவதில் இல்லை. அந்த வேலையை வெளியே தூக்கிப் போடுவதில் இருக்கிறது. இப்படி முடிந்த கதைகள்தான் அதிகம். தாவலையும் லாக் ஸ்டாட் எண்ணிக் காட்டும். இதுவே தனிச் சுமை என்பதால் இதை இயக்கிய கர்னலில் நேரம் அளக்காதீர்கள்.

இரண்டு தனித்தனி மாறிகள் தற்செயலாக ஒரே கேஷ் லைனில் உட்கார்ந்து ஒன்றை ஒன்று இழுப்பதைக் கண்டுபிடிக்க பெர்ஃப் சி2சி இருக்கிறது. அதை ஒருமுறை சரியாக ஓட்டிப் பார்த்தவர்கள் அதன் பிறகு ஸ்ட்ரக்சரில் உறுப்புகளை வரிசைப்படுத்தும் விதமே மாறிவிடும்.

மாற்று வழிகளின் விலை

படிப்பவர்கள் அதிகம், எழுதுபவர்கள் குறைவு என்றால் ரீடர் ரைட்டர் லாக் போடத் தோன்றும். பொறுங்கள். படிக்க வந்தவரும் “நான் உள்ளே இருக்கிறேன்” என்று லாக்கில் உள்ள எண்ணிக்கையைக் கூட்டித்தானே போக வேண்டும்? சொசைட்டி அறிவிப்புப் பலகையைப் பார்க்க மட்டும் வந்தவரும் நோட்டில் கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்பது போல. நோட்டு ஒன்றுதான், அதே கேஷ் லைன் தாவல்தான். லாக்குக்குள் இருக்கும் வேலை சின்னதாக இருந்தால் சாதாரண ஸ்பின்லாக்கே ஜெயித்துவிடும்.

ஒவ்வொரு சிபியுவுக்கும் தனிக் கணக்கு வைத்துக்கொள்வது நல்ல வழி. ஒவ்வொரு வார்டிலும் தனித்தனியாகப் பால் சேகரித்துவிட்டு கடைசியில் கூட்டுவது. ஆனால் நடுவில் யாராவது “இப்போது மொத்தம் எவ்வளவு?” என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காது. லினக்ஸின் பெர்சிபியு கவுண்டரில், ஒவ்வொரு சிபியுவும் தன் கணக்கு குறைந்தபட்சம் 32 வரை சேர்ந்த பிறகே பொதுக் கணக்கில் கொண்டுபோய்ச் சேர்க்கும். 16 சிபியு இருந்தால் உடனடியாகப் படித்த எண் ஐந்நூறு வரை தவறக்கூடும். துல்லியமாகக் கேட்டால் எல்லா சிபியுவின் கணக்கையும் போய்க் கூட்ட வேண்டும். புள்ளிவிவரத்துக்குப் பரவாயில்லை, வரம்பைத் தாண்டினோமா என்று பார்ப்பதற்கு யோசிக்க வேண்டும்.

ஆர்சியுவில் படிப்பவருக்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை என்பது உண்மை. தம்பி சொன்னது அந்தப் பாதியை. மறுபாதி எழுதுபவர் தலையில் விழுகிறது. பழைய பிரதியைப் படித்துக்கொண்டிருக்கும் எல்லோரும் வெளியே வரும் வரை அவர் காத்திருக்க வேண்டும். அது மில்லிசெகண்ட் கணக்கில் போகும். காத்திருக்காமல் பிறகு விடுவிக்கச் சொல்லிவிட்டு நகரலாம், ஆனால் அதுவரை அந்த நினைவகம் தேங்கி நிற்கும். சாதனத்தைத் திறக்க மூட மட்டும் ஓடும் பட்டியலுக்கு இது எறும்பை அடிக்க உலக்கை.

நியாயத்துக்கும் ஒரு விலை

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1996இல் லினக்ஸ் 2.0 வந்தபோது கர்னல் முழுவதற்கும் ஒரே பெரிய லாக்தான். அதை முழுக்க எடுத்துத் தீர்க்க 2011இல் 2.6.39 வரை ஆனது. நடுவில் 2008இல், 2.6.26 தயாராகிக்கொண்டிருந்தபோது, செமஃபோர் என்ற, காத்திருப்பவரைத் தூங்க வைக்கும் லாக் வகையைச் சுத்தமாக, எல்லா சிபியு வகைக்கும் பொதுவாக எழுதினார்கள். குறைந்த வரிகள், படிக்க எளிது, யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் ஏஐஎம்7 என்ற பெஞ்ச்மார்க் 40 சதவீதம் சரிந்தது. பெரிய லாக் அப்போது இந்த செமஃபோர் மேல்தான் உட்கார்ந்திருந்தது. புதிய செமஃபோர் வரிசை தவறாதது: விடும்போதே லாக்கை வரிசையில் தூங்குகிறவர் பேருக்கு எழுதிவிடும். அவர் எழுந்து வரும் வரை ஓடிக்கொண்டிருப்பவரும் அதைத் தொட முடியாது. சிபியுக்கள் சும்மா உட்கார்ந்திருந்தன. கடைசியில் பெரிய லாக்கை மறுபடி ஸ்பின்லாக்காக மாற்றினார்கள்.

அதற்காக வரிசை கெட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே 2008இல், ஒரு பதிப்பு முன்னால், 2.6.25இல்தான் ஸ்பின்லாக்குக்கு டோக்கன் முறை வந்தது. லாக்குக்கு அருகில் இருக்கும் கோரே திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டு மற்றவர்களைப் பட்டினி போட்டதால். சுழன்றுகொண்டே காத்திருப்பவர்களுக்கு டோக்கன் பொருந்துகிறது, தூங்கி எழ வேண்டியவர்களுக்கு இடிக்கிறது. அதனால் மொத்த வேகத்தோடு, வரிசையில் கடைசியாக நின்றவர் எவ்வளவு நேரம் நின்றார் என்பதையும் அளந்துகொள்ளுங்கள்.

எழுதும்போது

பேட்சோடு போகும் விளக்கத்தில் இயந்திரம் எது, எத்தனை கோர், எத்தனை சாக்கெட், எந்தக் கர்னல் பதிப்பு, என்ன சுமை, எத்தனை தடவை, காலிக் கேன் எவ்வளவு ஆடியது என்று எழுதுங்கள். நஷ்டம் இருந்தால் ஒளிக்காதீர்கள். தரவு கெட்டுப்போவதைத் தடுக்கும் திருத்தத்துக்கு ஒரு சதவீதம் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்; வேகத்துக்காகவே வந்த மாற்றம் ஒற்றைக் கோரில் ஒரு சதவீதம் கேட்டால் எதற்கு என்று காட்ட வேண்டும். எக்ஸ்86இல் மட்டும் அளந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். நினைவகத்தில் படிப்பதும் எழுதுவதும் எந்த வரிசையில் தெரிய வேண்டும் என்பதில் ஏஆர்எம் சிபியு தளர்வானது. எக்ஸ்86இல் இலவசமாகக் கிடைக்கும் சில உத்தரவாதங்களுக்கு அங்கே தனியாகத் தடைக் கட்டளை போட வேண்டியிருக்கும்.

தம்பியின் பேட்ச் ஒரே ஸ்பின்லாக்கோடு போனது. பாதை எவ்வளவு அபூர்வமாக ஓடுகிறது என்ற கணக்கு ஒரு பத்தி, அளவு இரண்டு வரி: வித்தியாசம் மேடையின் ஆட்டத்துக்குள் அடங்கிவிட்டது, ஆட்டம் இவ்வளவு. நான்கு கோர் லேப்டாப், ராத்திரி பத்து மணிக்கு மேல் ஓட்டியது. நேரத்தையும் எழுத வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம், டர்போவை அணைத்ததை எழுது என்றேன்.